ருடிஷாவும் 800 மீற்றரும்: எங்கள் மைதானத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் கடலை ஒட்டிய ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பின்னேரங்களில் நடுத்தூர ஓட்டம் பழக்குகிறேன். நானும் ஒரு காலத்தில் மாகாண மட்டம் வரை 800 மீற்றர் ஓடியவன்தான். ஒருநாள் பயிற்சி முடிந்து பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் களைத்துப்போய் இருந்தபோது, 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 800 மீற்றர் இறுதி ஓட்டத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். முழு ஓட்டமும் ஒன்றே முக்கால் நிமிடம்கூட இல்லை. அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள் போல, இப்போது பெற்றோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

யார் இந்த டேவிட் ருடிஷா?

கென்யாவின் மாசாய் இனத்தவர். 1988 டிசம்பர் 17இல் பிறந்தவர். 800 மீற்றரில் 2012 லண்டன், 2016 ரியோ ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்தார். 2011இல் தென்கொரியாவின் டேகுவிலும் 2015இல் பீஜிங்கிலும் உலகச் சாம்பியன் ஆனார். உலக சாதனையை மூன்று தரம் மாற்றி எழுதினார். 2010 ஓகஸ்ட் 22 அன்று பேர்லினில் 1:41.09. சரியாக ஒரு கிழமை கழித்து இத்தாலியின் ரியெற்றியில் 1:41.01. அப்புறம் லண்டனில் 1:40.91, அதாவது 1 நிமிடம் 40.91 செக்கன்.

அவருக்கு முன் அந்தச் சாதனையை 13 வருடம் வைத்திருந்தவர், கென்யாவில் பிறந்து டென்மார்க்குக்காக ஓடிய வில்சன் கிப்கெற்றர். அவருடைய நேரம் 1:41.11. பேர்லினில் ருடிஷா அதை வென்றது வெறும் 0.02 செக்கனால்.

800 மீற்றரில் அப்படி என்ன கஷ்டம், சேர்? பெரிய மைதானத்தில் இரண்டு சுற்றுத்தானே?

இரண்டு சுற்றுத்தான். ஆனால் 1:40.91 என்றால் என்ன என்று ஒருக்கால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 100 மீற்றரை 12.6 செக்கனில் ஓடவேண்டும். ஓடி முடித்து நிற்காமல் இன்னொன்று, அதே வேகத்தில். அப்படி எட்டு. எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு, புதிதாக எழும்பி, வார்ம்-அப் எல்லாம் செய்து, ஒரே ஒரு 100 மீற்றர் ஓடினாலும் 12.6 வராது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். 800 மீற்றருக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூச்சின் ஒட்சிசனால் வருகிறது. மிச்சத்தை ஒட்சிசனுக்குக் காத்திராமல் தசையே அவசரமாக உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அவசர வேலைக்கு விலை உண்டு. தசைக்குள் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். 500 மீற்றர் தாண்டும்போது தொடை கனக்கத் தொடங்கும், 600இல் கை விறைக்கும், 700இல் முழங்கால் உயராது. ஓடியவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் மைதானம் திடீரென்று நீண்டுவிட்ட மாதிரி இருக்கும். நான் கடைசியாக மாகாணப் போட்டி ஓடியபோது, முடிவுக்கோட்டில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் முகம் கிட்ட வராமல் தூரப் போவது போலத் தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த முகம் ஞாபகத்தில் இருக்கிறது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. முதல் வளைவு மட்டும்தான் அவரவர் சுவட்டில், அதாவது கோடு போட்ட தனிப் பாதையில், ஓடவேண்டும். அது முடிந்ததும் எல்லாரும் உள்பக்கம் வந்துவிடுவார்கள். இடிபடும், காலில் மிதிபடும், நடுவில் பெட்டிக்குள் மாட்டியது போல அடைபட்டுப் போவீர்கள். வேகமும் மூச்சும் இருந்தால் போதாது, எந்த நேரம் எங்கே நிற்கவேண்டும் என்ற கணக்கும் வேண்டும்.

லண்டனில் உண்மையில் என்ன நடந்தது?

2012 ஓகஸ்ட் 9. லண்டனில் இரவு, இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி நிலத்தில் இருந்தேன். அதனால் அந்த ஓட்டத்தை நான் பார்த்தது சத்தம் இல்லாமல்தான்.

வெடி வெடித்தது. வளைவு முடிந்து எல்லாரும் உள்ளே வரும்போதே ருடிஷா முன்னுக்கு வந்துவிட்டார். 200 மீற்றரில் 23.4 செக்கன். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் சாதாரணமாக அப்படி யாரும் செய்யமாட்டார்கள். எல்லாருக்கும் தேவை பதக்கம், நேரம் அல்ல. அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லப் போய், கடைசி 200இல் பாய்வதுதான் வழக்கம். ருடிஷாவோ யாரையும் பார்க்கவில்லை. 400 மீற்றர் 49.28. கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது.

நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காட்டுவது அடுத்த 200 மீற்றரைத்தான். மற்றவர்களுக்குக் கால் கனக்கத் தொடங்கும் இடம் அது. அவர் அங்கே வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது 200 ஏறக்குறைய 25.9, மூன்றாவது 200 ஏறக்குறைய 25.0. அதாவது 600 மீற்றரில் 1:14.30. பின்னால் வந்தவர்களுக்கு அந்த இடைவெளியை மூட வழியே இருக்கவில்லை. கடைசி 200 அவருக்கும் சுலபமாக இல்லை, 26.6 எடுத்தது. தோள் கொஞ்சம் இறுகியது தெரியும். ஆனால் தலை அசையவில்லை, கை வெளியே வீசுப்படவில்லை. கோட்டைத் தாண்டியபோது 1:40.91.

உலக சாதனைகள் பெரும்பாலும் அதற்கென்றே ஒழுங்குசெய்த ஓட்டங்களில்தான் வரும். வேகம் கொடுக்க ஒரு ஆள் முன்னால் ஓடுவார். ஒலிம்பிக்கில் அப்படி ஆள் கிடையாது. தன் வேகத்தைத் தானே கொடுத்து, எல்லாருடைய காற்றையும் தானே வாங்கி, ஒலிம்பிக் இறுதியிலேயே உலக சாதனை. அதுவரை 800 மீற்றரை யாரும் 1:41க்குள் ஓடியது கிடையாது.

மற்ற ஏழு பேரும் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியை ஒரு ஒன்பதாம் தரப் பிள்ளை கேட்டாள். மிக நல்ல கேள்வி, ஏனென்றால் அந்த ஓட்டத்தின் பெரிய கதை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவதாக வந்தவர் பொட்ஸ்வானாவின் நைஜல் அமோஸ், வயது 18. நேரம் 1:41.73, இளையோர் உலக சாதனை. அவருடைய நாட்டுக்கே அதுதான் முதலாவது ஒலிம்பிக் பதக்கம். ஓடி முடித்ததும் நிலத்தில் சரிந்துவிட்டார். மூன்றாவது கென்யாவின் திமோதி கிற்றும், 1:42.53. அடுத்த இரண்டு அமெரிக்கர்களும் 1:43க்குள். கடைசி ஆளாக வந்த பிரித்தானியாவின் அன்ட்ரூ ஒசாகி 1:43.77 ஓடினார். அந்த எட்டாவது நேரம் இருந்திருந்தால் 2000, 2004, 2008 மூன்று ஒலிம்பிக்கிலும் 800 மீற்றர் தங்கமே கிடைத்திருக்கும்.

அந்த 1:41.73க்கு இன்னொரு கதையும் உண்டு. 1981இல் பிரித்தானியாவின் செபஸ்ரியன் கோ ஓடி, 16 வருடம் உலக சாதனையாக இருந்த நேரம் அது. அதே கோதான் லண்டன் ஒலிம்பிக்கின் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். தன்னுடைய பழைய உலக சாதனையை ஒரு 18 வயதுப் பிள்ளை ஓடி, அதற்கு வெள்ளிதான் கிடைப்பதை அவர் அங்கேயே இருந்து பார்த்தார்.

ஒருவர் ஒளிக்காமல் ஓடினார், அதனால் எட்டுப் பேரும் தங்கள் எல்லைக்குப் போனார்கள். நான் ருடிஷாவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தங்கமும் அல்ல, சாதனையும் அல்ல, இதுதான்.

அப்படியென்றால் நானும் முதலிலேயே பாய்ந்து ஓடலாமா?

லண்டன் ஓட்டத்தைக் காட்டியதில் எனக்கு வந்த ஒரே தலையிடி இந்தக் கேள்விதான். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும்.

எங்கள் மைதானத்தில் சுண்ணாம்பு போட்டுக் கீறியிருப்பது 200 மீற்றர் வட்டம். 800க்கு நாலு சுற்று. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது, பத்தாம் தரத்தில் படிக்கும் ஒரு பையன் "சேர், நான் ருடிஷா மாதிரி ஓடப்போறன்" என்றான். ஓடட்டும் என்று விட்டேன். முதல் இரண்டு சுற்றை 62 செக்கனில் முடித்தான். மற்றவர்கள் அரைச் சுற்றுக்கிட்டப் பின்னால். மைதானமே கை தட்டியது. மூன்றாவது சுற்றின் வளைவில் அவனுடைய கன்னம் ஆடத் தொடங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது, கைகள் நெஞ்சுக்கு மேலே ஏறிவிட்டன. நாலாவது சுற்றில் மூன்று பேர் அவனைத் தாண்டினார்கள். மொத்தம் 2:28. பின்பாதிக்கு மட்டும் 86 செக்கன். முடிந்ததும் நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துகொண்டு அழுதான்.

அடுத்த நாள் அவனையும் இருத்தி, லண்டன் ஓட்டத்தின் கணக்கை மண்ணில் எழுதினேன். முதல் பாதி 49.28. இரண்டாம் பாதி 51.63. வித்தியாசம் 2.35 செக்கன். "உன்னுடைய வித்தியாசம் எவ்வளவு?" என்றேன். கழித்துப் பார்த்துவிட்டு "24" என்றான்.

முன்னால் ஓடுவது வேறு, பாய்வது வேறு. ருடிஷாவின் முதல் 400 அவருடைய முழு வேகம் அல்ல. தனியாக 400 மீற்றர் ஓடினால் அவருக்கு 45 செக்கன் மட்டில் வரும். அந்த நாலு செக்கன்தான் அவர் கையில் மிச்சம் வைத்திருந்த காசு. 62இல் ஓடிய எங்கள் பையனுக்குத் தனியாக 400 மீற்றரே 60தான். கையில் இரண்டே செக்கன்.

ஆக, முன்னுக்கு ஓட ஆசையா, முதலில் உங்கள் 400 மீற்றர் நேரத்தைக் குறையுங்கள். அதுவரை முதல் பாதியைக் கொஞ்சம் அடக்கி ஓடுங்கள். பள்ளிக்கூட மட்டத்தில் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் மூன்று, நாலு செக்கன் வித்தியாசம் இருந்தால் அது நல்ல ஓட்டம்.

அவருடைய அப்பாவும் ஓடியவராமே? இரத்தத்தில் இருந்தால்தானே வரும்?

அப்பா டானியல் ருடிஷா 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 4×400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் கென்யாவுக்கு வெள்ளி எடுத்த அணியில் இருந்தவர். அம்மாவும் தடைதாண்டல் ஓடியவர். அதனால் உதவி இருந்தது உண்மை. நீண்ட கால், அகன்ற எட்டு, இதெல்லாம் பிறப்பால் வந்ததுதான்.

ஆனால் வீட்டில் ஒரு பதக்கம் இருந்ததை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒலிம்பிக் என்பது தொலைக்காட்சியில் வரும் விசயமா, அலுமாரியில் இருக்கும் பொருளா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. திருகோணமலையில் அநேகமான பிள்ளைகளுக்கு அது கிடையாது. அதனால்தான் மாகாண மட்டத்தில் எடுத்த சின்னப் பதக்கமாக இருந்தாலும் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்து சின்னவர்களின் கையில் கொடுக்கச் சொல்கிறேன்.

அவரைப் பழக்கியவர் ஒரு பாதிரியாராமே? அவர் ஓட்டக்காரர்கூட இல்லையாமே?

பாதிரியார் அல்ல, துறவறச் சகோதரர். கொல்ம் ஓ'கொனல் என்பது பெயர், அயர்லாந்துக்காரர். 1976இல் கென்யாவின் ஈற்றன் என்ற மலையூரில் உள்ள புனித பற்றிக் பள்ளிக்கூடத்துக்குப் புவியியல் படிப்பிக்க வந்தார். மெய்வல்லுனர் பயிற்சி பற்றி எதுவும் படித்தவர் அல்ல. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவர் கையில் வளர்ந்த உலகச் சாம்பியன்கள் பலர்.

400 மீற்றர் ஓடிக்கொண்டிருந்த ருடிஷாவை 800க்கு மாற்றியவர் அவர்தான். 2006இல், 17 வயதில், ருடிஷா இளையோர் உலகச் சாம்பியன். அங்கிருந்து ஒலிம்பிக் தங்கத்துக்கு ஆறு வருடம். இடையில் 2008 ஒலிம்பிக்கைக் காயத்தால் தவறவிட்டார். ஆசிரியர் அவசரப்படவில்லை, மாணவனும் வேறு ஆளைத் தேடிப் போகவில்லை.

இதை நான் முக்கியமாகச் சொல்வது எங்கள் ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கு. சான்றிதழ் இல்லை, செயற்கை ஓடுபாதை இல்லை என்று பின்வாங்காதீர்கள். ஒரு நிறுத்தற்கடிகாரமும் ஒரு கொப்பியும் ஒவ்வொரு நாளும் வருகிற பழக்கமும் இருந்தால் தொடங்கலாம். அந்தக் கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள்.

அவர் தோற்றதே இல்லையா?

தோற்றிருக்கிறார். 2009இல் பேர்லின் உலகப் போட்டியில் இறுதிக்கே வரவில்லை, அரையிறுதியோடு வெளியே. ஒரு வருடம் கழித்து அதே பேர்லின் மைதானத்தில்தான் முதல் உலக சாதனை வைத்தார். 2011 டேகுவில் தங்கம் எடுத்து மூன்று கிழமைக்குள், மிலானில் எத்தியோப்பியாவின் மொகமட் அமான் அவரைத் தோற்கடித்தார். லண்டன் முடிந்து மூன்று கிழமையில் சூரிச்சில் அதே அமான் மறுபடியும் வென்றார். 2013 முழங்கால் காயத்தோடு போனது. 2014 கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டியில் அமோஸுக்குப் பின்னால் வெள்ளி.

தோல்வி எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 2015 பீஜிங் இறுதியைப் பாருங்கள். முன்னுக்கு நின்று மெதுவாக இழுத்துப் போய்க் கடைசியில் பாய்ந்து, 1:45.84இல் வென்றார். லண்டன் நேரத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்து செக்கன் கூட. பழைய வேகம் முழுதாகத் திரும்பாத உடம்போடு புத்தியால் ஓடினார். அடுத்த வருடம் ரியோவில் சக நாட்டவர் அல்பிரட் கிப்கெற்றர் முதல் சுற்றில் பாய, அவரைப் போகவிட்டு, பின் நேர்ப்பாதையில் முன்னிலையை எடுத்துக்கொண்டு 1:42.15இல் இரண்டாவது தங்கம். 800 மீற்றரில் ஒலிம்பிக் தங்கத்தைத் தக்கவைத்தது அதற்கு முன் கடைசியாக 1960, 1964இல் நியூசிலாந்தின் பீற்றர் ஸ்னெல்.

இவ்வளவு செய்தும் உசேன் போல்ட் மாதிரி ஏன் எல்லாருக்கும் தெரியவில்லை?

நேரம் அப்படி. லண்டனில் ருடிஷா ஓடி ஒரு மணித்தியாலத்துக்குள் அதே மைதானத்தில் போல்ட் 200 மீற்றர் தங்கம் எடுத்தார். அடுத்த நாள் பத்திரிகைகளில் யாருடைய படம் பெரிதாக வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

100 மீற்றரை யாரும் பார்க்கலாம், விளக்கம் வேண்டாம். 800ஐ ரசிக்கக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். மூன்றாவது 200இல் 25.0 என்றால் என்னவென்று ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தொண்டை அடைக்கும். ருடிஷாவும் கமராவுக்கு முன்னால் ஆட்டம் காட்டுகிறவர் அல்ல, அமைதியான மனிதர்.

ஆனால் கென்யாவில் அவருடைய நிலை வேறு. அங்கே ஓட்டத்தில் பேர்போனவர்கள் பெரும்பாலும் கலென்ஜின் மக்கள். மாடு மேய்க்கும் மாசாய்களிடமிருந்து இப்படி ஒருவர் வந்தது அந்த மக்களுக்குப் பெரிய பெருமை. மாசாய் இளைஞர்கள் சிங்கத்தை வேட்டையாடித்தான் வீரத்தைக் காட்டுவது பழைய வழக்கம். சிங்கங்கள் குறைந்துபோகவே, வேட்டைக்குப் பதிலாக ஓட்டம், ஈட்டி எறிதல், உயரத் துள்ளல் என்று மாசாய் ஒலிம்பிக் ஒன்று 2012இல் தொடங்கியது. அதற்குத் துணைநின்று பேசியவர் ருடிஷா. அதில் 800 மீற்றரும் உண்டு. இந்தக் கதையைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் சாதனையை மறந்துவிட்டு சிங்கத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பரவாயில்லை, அதுவும் நல்ல கேள்விதான்.

மலைநாட்டுக்காரர்தானே இதெல்லாம் ஓடலாம்? நாங்கள் கடற்கரை ஆட்கள்.

ஈற்றன் ஏறக்குறைய 2400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றில் ஒட்சிசன் குறைவு, அதற்கேற்ப உடம்பு இரத்தத்தைப் பலப்படுத்திக்கொள்ளும். 5000, 10,000 மீற்றருக்கு அது பெரிய உதவி. 800க்கும் உதவி, ஆனால் அந்த அளவுக்கு அல்ல.

கியூபாவின் அல்பேர்ட்டோ ஹுவான்ரொரேனாவைத் தெரியுமா? எங்களைப் போலவே கடல் சூழ்ந்த, வெயில் கொளுத்தும் தீவுக்காரர். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 400, 800 இரண்டிலும் தங்கம் எடுத்தார், 800இல் உலக சாதனையோடு.

எங்கள் நாட்டிலும் பாருங்கள். தருஷி கருணாரத்ன பள்ளி மாணவியாக இருந்தபோதே 2023இல் பாங்கொக் ஆசிய மெய்வல்லுனர் போட்டியில் 800 மீற்றரை 2:00.66இல் ஓடித் தங்கம் எடுத்தார். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலும் 2:03.20இல் தங்கம். அவர் மலையகப் பக்கத்துப் பிள்ளைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் "இலங்கையில் 800 ஓடி ஆசியாவில் வெல்லலாம்" என்று சொல்ல இப்போது என்னிடம் நல்ல உதாரணம் இருக்கிறது.

எங்களுக்கும் இருப்பவை உண்டு. உவர்மலை ஏற்றம் காலுக்குப் பலம் கொடுக்கும். உப்புவெளிப் பக்கம் அலை வந்து போன ஈர மணல் விடியற்காலையில் நல்ல உறுதியாக இருக்கும், அதில் மெதுவான நீண்ட ஓட்டம் ஓடலாம். காய்ந்த மணலில் ஓடாதீர்கள், குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும்.

ஸ்பைக்ஸ் சப்பாத்து வாங்கவேண்டுமா?

புல் மைதானத்திலேயே பழகுகிற காலத்தில் வேண்டாம். மாகாண மட்டத்துக்குத் தெரிவானால் அப்போது பார்க்கலாம். அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கிக் கொடுங்கள்.

மகள் நன்றாக ஓடுகிறாள். ஆனால் ஓ.எல். பரீட்சை வருகிறது, வெயிலில் கறுத்தும் போகிறாள். நிறுத்திவிடவா?

இதை என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட அம்மாமார் நாலைந்து பேர். கோபப்படாமல் கேளுங்கள்.

என் அக்கா என்னைவிட நன்றாக ஓடியவர். வலயப் போட்டியில் 800 மீற்றர் முதலாவது இடம். பத்தாம் தரத்தில் நிறுத்தினார்கள். வீட்டில் சொன்ன காரணம் ரியூசன். பள்ளிக்கூடத்திலும் யாரும் வந்து கேட்கவில்லை, அவருடைய பெயரை வெட்டிவிட்டு இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதினார்கள். இப்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். போன வருடம் எங்கள் மைதானத்துக்கு வந்திருந்தார். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவரின் கையில் என் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் பிடிக்கச் சொன்னேன். பிள்ளைகள் கடைசி வளைவு திரும்பும்போது அக்காவின் கால் பெருவிரல் செருப்புக்குள் அழுந்தியது. கோட்டில் நிற்கும் ஆள் மாதிரி ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு. அவருக்கே அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

படிப்புக்கு ஓட்டம் எதிரி இல்லை. எங்கள் பயிற்சி கிழமைக்கு நாலு நாள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். ஓ.எல். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதத்தில் அதை இரண்டு நாளாக்கலாம், மெதுவான ஓட்டம் மட்டும். விட்டுவிட்டால் திரும்பவும் கொண்டுவருவது கஷ்டம், குறைத்துவிட்டால் கஷ்டம் இல்லை. தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வாய்ப்பும் உண்டு. கறுப்பது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியை நாலரைக்குப் பிறகுதான் தொடங்குகிறோம், அது பிள்ளைகளுக்கு வெயில் பிடிக்காமல் இருக்க.

அவருடைய சாதனையை யாராவது முறியடிப்பார்களா?

கிட்ட வந்துவிட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் கென்யாவின் இம்மானுவேல் வன்யொன்யி 1:41.19, கனடாவின் மார்க்கோ அரொப் 1:41.20. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 0.01 செக்கன். பன்னிரண்டு நாள் கழித்து லொசானில் வன்யொன்யி 1:41.11 ஓடினார், வில்சன் கிப்கெற்றரின் அதே பழைய நேரம். ருடிஷாவின் நேரத்துக்கு இன்னும் 0.20 செக்கன். உடைந்தால் நான் சந்தோசப்படுவேன். உடைக்கிறவர் முன்னால் ஓடி உடைக்கவேண்டும் என்பது என் ஆசை.

இப்போது ருடிஷா எங்கே?

2017க்குப் பிறகு பெரிய போட்டிகளில் ஓடவில்லை. 2019இல் அவருடைய வாகனம் பேருந்தோடு மோதியது, சின்னக் காயங்களோடு தப்பினார். அதே வருடம் அப்பா காலமானார். 2022 டிசம்பரில் அவர் போன சிறிய விமானம் கென்யாவில் விழுந்து நொறுங்கியது, அதிலிருந்தும் உயிரோடு வந்தார்.

சேர், முன்னுக்கு ஓடினால் கச்சான் காற்று முழுக்க எனக்குத்தானே அடிக்கும்?

கேட்டவன் அதே பத்தாம் தரப் பையன். ஓம், முழுக்க உனக்குத்தான். வைகாசி தொடங்கி ஆவணி வரை பின்னேரம் எங்கள் மைதானத்தில் கச்சான் அடிக்கும். கடல் பக்கம் ஓடும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் மண்ணை வீசும். பின்னால் ஓடுகிறவனுக்கு முன்னால் ஓடுகிறவனின் முதுகு மறைப்பு. அதனால் காற்று நாளில் இரண்டாவது ஆளாக ஓடுவது வெட்கம் அல்ல, கணக்கு. முன்னால்தான் ஓடுவேன் என்றால் காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் எட்டைக் குறுக்கு, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய், கையை வீசாமல் கிட்ட வைத்துக்கொள். கடல் பக்கம் திரும்பியதும் காலை நீட்டு.

இல்ல விளையாட்டுப் போட்டி அன்று நல்ல காற்று, கூடாரத்துச் சேலையெல்லாம் படபடத்தது. அவன் முதல் சுற்றிலேயே முன்னுக்குப் போனான். நான் தலையில் கை வைத்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் பாதி 67. கன்னம் ஆடவில்லை. மூன்றாவது சுற்றில் ஒருவன் பக்கத்தில் வந்தான், இவன் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி நேர்ப்பாதையில் கை இரண்டும் இடுப்பளவிலேயே இருந்தன. 2:17. வந்த கையோடு கேட்டது பதக்கத்தை அல்ல. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "சேர், வித்தியாசம் எவ்வளவு?" என்றான்.

மூன்று செக்கன்.